எழுத்து பழையது, வேலை புதியது: நுளம்பின் மைக்ரோ ஆர்என்ஏக்கள்

மாரி மழை ஓய்ந்து, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வெள்ளம் வடியத் தொடங்கும் தை மாதத்தில், எங்கள் ஒழுங்கைக்குள் புகை அடிக்கும் இயந்திரம் ஒருமுறையாவது வந்து போகும். கடந்த முறை அது வந்து போன மறுநாள் காலை, கிணற்றடிச் சீமெந்தில் நான்கைந்து தேனீக்களும் ஒரு தும்பியும் செத்துக் கிடந்தன. அவை புகையால்தான் செத்தன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், பக்கத்தில் கிடந்த சிரட்டைத் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் ஒன்றும் நடக்காதது போல நெளிந்துகொண்டிருந்ததை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அன்று மாலை உயர்தர உயிரியல் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நுளம்பை மட்டும் கொல்லுற மாதிரி ஒரு மருந்தும் இல்லையா?"

கேள்வி எளிது, விடை அப்படியல்ல. புகையாக அடிக்கப்படும் பைரத்ரோயிட்டு வகை நஞ்சுகள், நரம்புக் கலங்களின் மென்சவ்விலுள்ள சோடியம் வாயில்களைப் பிடித்துத் திறந்தபடியே வைத்துவிடுகின்றன. நரம்பு ஓயாமல் துடிக்க, பூச்சி விழுந்துவிடுகிறது. அந்த வாயிலை ஆக்கும் பரம்பரையலகு நுளம்பிலும் தேனீயிலும் தும்பியிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான ஒன்றைத்தான் நாம் தாக்குகிறோம், பொதுவானதைத் தாக்கினால் சாவும் பொதுவாகத்தான் விழும். ஆகவே மாணவியின் கேள்வியை உயிரியலுக்குள் கொண்டுவந்து கேட்டால், நுளம்பில் எது பூச்சிகள் அனைத்துக்கும் பொதுவானது, எது நுளம்புக்கு மட்டுமே உரியது என்றாகும். இதற்கு எழுத்தெண்ணி விடை தேடக்கூடிய ஓரிடம் மைக்ரோ ஆர்என்ஏ.

பாடநூலில் நாம் படிக்கும் ஆர்என்ஏக்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் புரதம் ஆக்கும் வேலைக்குத் துணைநிற்பவை. கலத்தின் கருவிலுள்ள டிஎன்ஏயிலிருந்து செய்தி தூது ஆர்என்ஏயாகப் பிரதி எடுக்கப்பட்டு, இறைபோசோமுக்குச் சென்று, புரதமாகிறது. மைக்ரோ ஆர்என்ஏயோ அந்த வேலையைக் குறைப்பது. ஏறத்தாழ 22 நியூக்கிளியோரைட்டுகள் (ஆர்என்ஏயின் 'எழுத்துகள்') மட்டுமே நீளமுள்ள இந்தத் துண்டு, தூது ஆர்என்ஏயின் வாற்பகுதியில் தனக்குப் பொருந்தும் இடமொன்றைக் கண்டு ஒட்டிக்கொண்டு, செய்தி புரதமாகாமல் அதை அடக்கிவைக்கிறது அல்லது அழியச் செய்கிறது. பெரும்பாலும் இது ஒரேயடியாக நிறுத்துவதில்லை, அளவைக் குறைத்துச் சீராக்குவதே இதன் இயல்பு.

இது உருவாகும் விதமும் கவனிக்கத்தக்கது. முதலில் நீண்ட ஆர்என்ஏ ஒன்று பிரதியாகிறது. அதன் ஒரு பகுதி தன்மேல் தானே மடிந்து, கொண்டை ஊசி போன்ற வடிவெடுக்கிறது. டுரோஷா என்ற நொதியம் கருவுக்குள்ளேயே அந்த ஊசியை வெட்டியெடுக்கிறது. வெளியே வந்த ஊசியின் வளைவை டைசர்-1 என்ற இன்னொரு நொதியம் நறுக்க, இரண்டு கால்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் ஒன்று ஆகோநோட்-1 என்ற புரதத்தின் பிடிக்குள் போய் வேலைக்குத் தயாராக, மற்றது பெரும்பாலும் அழிந்துபோகிறது. பூச்சிகளில் டைசர்-2, ஆகோநோட்-2 என்று இன்னொரு சோடியும் உண்டு. டெங்கு போன்ற வைரசுகளின் ஆர்என்ஏ உள்ளே நுழையும்போது அதைத் துண்டு துண்டாக வெட்டுவது அந்தச் சோடியின் வேலை. மனிதருக்கு டைசர் ஒன்றுதான், பூச்சியிடம் இரண்டு உண்டு. வீட்டுக்கணக்கு பார்ப்பவரும் வாசலில் காவல் நிற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

இனி ஒரு மைக்ரோ ஆர்என்ஏயை எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். அடினினுக்கு 'அ', குவானினுக்கு 'கு', யுராசிலுக்கு 'யு', சைற்றோசினுக்கு 'சை' என்று வைத்துக்கொண்டால், லெட்-7 எனப்படும் மைக்ரோ ஆர்என்ஏ பழ ஈயில் இப்படி வாசிக்கப்படும்: யு கு அ கு கு யு அ கு யு அ கு கு யு யு கு யு அ யு அ கு யு. மொத்தம் 21 எழுத்து. தற்செயலோ என்னவோ, இதில் ஒரு 'சை' கூட இல்லை. மனிதனில் இதே பெயருள்ள குடும்பத்தின் முதல் உறுப்பினரை எடுத்தால், இதே 21 எழுத்தும் இதே வரிசையில் வந்து, கடைசியில் இன்னொரு 'யு' சேர்ந்திருக்கும். பழ ஈயின் வழியும் நம் வழியும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதற்குள் கண்டங்கள் பிரிந்தன, மீன்கள் கரையேறின, இந்த 21 எழுத்து மட்டும் அசையவில்லை.

இது தெரியவந்த கதை நீளமானதல்ல. 1993இல் விக்டர் அம்புரோசும் கெரி ருவ்குனும், தத்தம் ஆய்வுக்கூடங்களில், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றில் லின்-4 என்ற முதலாவது மைக்ரோ ஆர்என்ஏ எப்படி வேலை செய்கிறது என்று காட்டினர். புழுவின் தனிக்குணம் என்று எண்ணி உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2000இல் லெட்-7 கண்டறியப்பட்டு, அது பூச்சியிலும் மனிதனிலும் கூட இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2024இல். புழுவின் லின்-4 இற்குப் பூச்சிகளில் உள்ள உறவு மிர்-125 ('மிர்' என்பது மைக்ரோ ஆர்என்ஏ என்பதன் சுருக்கம்). பழ ஈயிலும் அனோபிலிஸ் நுளம்பிலும் லெட்-7உம் மிர்-125உம் மிர்-100உம் ஒரே நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. எழுத்துகள் மட்டுமன்றி, அயலும் காக்கப்பட்டிருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? மைக்ரோ ஆர்என்ஏயின் 22 எழுத்துகளுக்கும் ஒரே மதிப்பில்லை. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரையுள்ள ஏழு எழுத்துகளே இலக்கைத் தேடிப் பிடிப்பவை. இந்தப் பகுதியை விதை என்பர். லெட்-7இல் அது கு அ கு கு யு அ கு. ஒரு புரதத்தை ஆக்கும் பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறினால், அதிகம் போனால் அந்த ஒரு புரதம் பழுதாகும், பல வேளைகளில் அதுவும் ஆகாது. விதையில் ஓர் எழுத்து மாறினாலோ, அதுவரை கட்டுப்படுத்திவந்த அத்தனை தூதுகளும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும், கட்டுப்படுத்தக் கூடாத வேறு பல தூதுகள் பிடிபடும். நூறு வீட்டுக்கு ஒரே சாவி வைத்திருப்பவர் சாவியின் பல்லை அராவ மாட்டார். கொண்டை ஊசியின் வளைவில் வரும் எழுத்துகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனெனில் அவை வெட்டி எறியப்படுபவை. எனவே இரண்டு பூச்சிகளின் ஊசிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், கால்களில் எழுத்துகள் ஒத்திருக்கும், வளைவில் ஏறுமாறாக இருக்கும். புதிதாகக் கிடைத்த ஒரு தொடர் உண்மையான மைக்ரோ ஆர்என்ஏயா என்று சோதிப்பவர்கள் முதலில் தேடும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று.

விதையின் அருமையை நம் உடம்பிலேயே காணலாம். மிர்-184 என்ற ஒன்று பூச்சிகளிலும் மனிதனிலும் ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே உள்ளது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த கண்நோய்க்கு (விழிவெண்படலம் கூம்பாகிப் பிதுங்குவதோடு கண்புரையும் சேர்ந்து வருவது) மிர்-184இன் விதைப்பகுதியில் மாறிய ஒரேயொரு எழுத்தே காரணம் என்று காட்டியது.

இதே மிர்-184தான் நுளம்பில் மிக அதிகமாகக் கிடைக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களுள் ஒன்று. நம்மில் அது கண்வில்லையிலும் விழிவெண்படலத்திலும் செறிந்திருக்கிறது. பழ ஈயில் அதை நீக்கினால் பெண் ஈ முட்டையிடும் திறனை இழக்கிறது. எழுத்து ஒன்று, வேலை இரண்டு. மைக்ரோ ஆர்என்ஏக்கள் உயிரினங்களுக்கு இடையே காக்கப்பட்டவை என்ற ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டு, ஈயில் கண்டது நுளம்பிலும் அப்படியே நடக்கும் என்று முடிவுகட்டுபவர்கள் தவறும் இடம் இதுதான். காக்கப்பட்டது கருவி, அதைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்பது வேறு விடயம்.

நுளம்புகளின் பட்டியலுக்கு வருவோம். ஆபிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கம்பியேயின் மரபுத்தொடர் 2002இல் வாசிக்கப்பட்டது, நீளம் ஏறத்தாழ 28 கோடி எழுத்துகள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தியினது 2007இல் வந்தது, ஏறத்தாழ 130 கோடி. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சினது 2010இல் வந்தது, ஏறத்தாழ 58 கோடி. ஈடிசின் தொடர் அனோபிலிசினதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நீண்டது என்றாலும், அந்த மேலதிக நீளத்தின் பெரும்பகுதி இடம்விட்டு இடம் தாவித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் துண்டுகளே. மைக்ரோ ஆர்என்ஏக்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஆசிய மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சியில் 2008இல் 27 மைக்ரோ ஆர்என்ஏக்களும், ஈடிஸ் எஜிப்தியில் 2009இல் 86உம், ஈடிஸ் அல்போபிக்டசில் 2010இல் 65உம், கியூலெக்சில் அதே ஆண்டில் 77உம் பதிவாயின.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த நுளம்பு முன்னேறியது என்று கேட்கக் கூடாது. 65 என்பது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களிலிருந்து கிடைத்தது, முழு நுளம்பிலிருந்து அல்ல. குடலில் மட்டும் இருப்பதைக் குடலைப் பார்த்தால்தான் காணலாம், முளையத்தில் மட்டும் தோன்றி மறைவதை முட்டையைப் பார்த்தால்தான் காணலாம். வாசிக்கும் இயந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு வலுப்பெற்றதால் பிந்திய பட்டியல்கள் நீண்டன, அவ்வளவே.

எண்ணிக்கையைவிடச் சுவையானது எது வந்தது, எது தொலைந்தது என்ற கணக்கு. பூச்சி ஆய்வில் பழ ஈதான் நெடுங்காலம் அளவுகோலாக இருந்து வந்தது. பழ ஈயும் நுளம்பும் இருசிறகிகள் என்ற ஒரே வருணத்தைச் சேர்ந்தவை, அவற்றின் வழிகள் பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நுளம்பில் உள்ள ஒன்று பழ ஈயில் இல்லையென்றால் அது நுளம்பு புதிதாகப் பெற்றது என்று சொல்லத் தோன்றும். மிர்-71 இந்த எண்ணத்துக்கு நல்ல மறுப்பு. அது நுளம்பில் உண்டு, பழ ஈயில் இல்லை. ஆனால் தேனீயில் உண்டு, பட்டுப்புழுவில் உண்டு, அரிசிமா டின்னை நாள்பட மூடி வைத்தால் உள்ளே ஊரும் அந்தச் சிவப்பு மாவண்டிலும் உண்டு. இங்கே நுளம்பு புதிதாகப் பெற்றது எதுவுமில்லை, பழ ஈதான் தன்னிடமிருந்ததைத் தொலைத்துவிட்டது. இல்லாமை என்பது ஒருபோதும் வந்திராமையாலும் இருக்கலாம், வந்து போனதாலும் இருக்கலாம். பக்கத்து வீட்டை மட்டும் பார்த்தால் இது விளங்காது, ஊரையே பார்க்க வேண்டும்.

பெயர்களும் சிலவேளை ஏமாற்றும். ஒரே எண் தாங்கியவை பொதுவாக உறவுகள்தான். என்றாலும், உறவாக இருந்தும் வேறு எண் பெற்றவை உண்டு. பூச்சியின் மிர்-8உம் மனிதனின் மிர்-200உம் ஒரே குடும்பம். எண்ணை வைத்துத் தேடுபவருக்கு இது அகப்படாது.

இப்படி ஊரையெல்லாம் தேடிய பின்னரும் நுளம்பில் மட்டுமே எஞ்சி நிற்கும் சில உண்டு: மிர்-1174, அதன் அருகிலேயே அமர்ந்திருக்கும் மிர்-1175, மிர்-1890, மிர்-2940 போன்றவை. அனோபிலிஸ் ஒரு புறமாகவும் ஈடிசும் கியூலெக்சும் மறுபுறமாகவும் பிரிந்து 15 கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்பது கணிப்பு. மிர்-1174 இந்த இரு கிளைகளிலும் இருப்பதால், அது அந்தப் பிரிவுக்கு முன்பே, நுளம்புகளின் பொது மூதாதையிடம் தோன்றியிருக்க வேண்டும். பின்னர் எந்தக் கிளையும் அதைக் கைவிடவில்லை என்பதே அதற்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அந்த வேலையைப் பார்ப்பதற்கு முன், பெண் நுளம்பு குருதி குடிக்கும் காட்சியை ஒருமுறை பொறுமையாகப் பார்ப்பது நல்லது. ஈடிஸ் ஒன்று முழங்கையில் அமர்ந்தால், அடிக்காமல் இருக்க முடியுமானால், இரண்டு மூன்று நிமிடத்தில் அதன் வயிறு சிவந்து பளபளத்து, மூன்று பங்காகப் பருத்துவிடும். தன் உடல் எடையளவு குருதியை அது ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பாரத்தோடு நெடுந்தூரம் பறக்க முடியாது, அருகிலுள்ள சுவரில் அல்லது தொங்கும் சறத்தின் மடிப்பில் போய் அமரும். சற்று நேரத்திலேயே அதன் பின்முனையில் கண்ணாடி போன்ற நீர்த்துளி ஒன்று திரண்டு விழும், பின் இன்னொன்று. குருதியின் நீரையும் உப்பையும் வெளியே தள்ளிவிட்டு, புரதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் குருதிக் கட்டியைச் சுற்றி ஒரு மென்படலப் பை உருவாகி, செரிமான நொதியங்கள் சுரக்கின்றன. கிடைத்த அமினோ அமிலங்களைக் கொண்டு கொழுப்புடலம் முட்டைக்கரு புரதத்தை ஆக்குகிறது. மூன்றாம் நாள் அளவில் ஏறத்தாழ நூறு முட்டைகள் தயார். குடல், கழிவகற்றும் தொகுதி, கொழுப்புடலம், சூலகம் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, நேரம் தவறாமல் இயங்க வேண்டிய வேலை இது. அளவையும் நேரத்தையும் சீராக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

2010இல், ஈடிஸ் எஜிப்தியின் நெஞ்சறைக்குள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால், மிர்-275இற்கு நேரெதிர் எழுத்துகளைக் கொண்ட செயற்கை ஆர்என்ஏ ஒன்று செலுத்தப்பட்டது. அது மிர்-275ஐக் கட்டிப்போட, மேலே சொன்ன காட்சி குலைந்தது: குருதி சரியாகச் செரிக்கவில்லை, நீர் வெளியேறுவது பழுதானது, முட்டைகள் வளரவில்லை. மிர்-275 நுளம்புக்கு மட்டும் உரியது அல்ல என்பதுதான் இங்கே வியப்பு. பழ ஈ, தேனீ, மாவண்டு, பட்டுப்புழு ஆகியவற்றிலும் அது உண்டு, இவற்றில் எதுவும் குருதி குடிப்பதில்லை. பூச்சிகளின் பொதுச்சொத்தாக இருந்த ஒரு கருவியை நுளம்பு தன் குருதி உணவுக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. அது நேரடியாகக் கட்டுப்படுத்தும் இலக்குகளுள் ஒன்று, கலத்துக்குள் கல்சியத்தைச் சேமிப்பறைக்குள் தள்ளும் ஒரு பம்பி என்பது 2017இல் காட்டப்பட்டது. அந்தப் பம்பியும் பழையதே, நமது இதயத் தசையில் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அதே வகைப் பம்பிதான் வேலை செய்கிறது.

மிர்-1174 இதற்கு மறுதலை. அது நுளம்புக்கே உரியது, ஈடிசில் குடலில் மட்டும் காணப்படுவது. 2014இல் அதைக் கட்டிப்போட்டபோது பெண் நுளம்புகள் சீனியை உறிஞ்சுவதிலும் குருதி குடிப்பதிலும் தடுமாறின. ஆனால் அது கட்டுப்படுத்தும் நொதியம், செரீன் என்ற அமினோ அமிலத்தை கிளைசீனாக மாற்றுவது, பற்றீரியாவிலிருந்து மனிதன் வரை எல்லோரிடமும் உள்ளது. முதலாவதில் பழைய கருவி புதிய வேலைக்குப் போனது, இரண்டாவதில் பழைய வேலைக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்தார். நுளம்பு தன் வாழ்க்கை முறைக்காகப் புதுப் புரதங்களைப் பெரிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை, இருக்கும் புரதங்களை எப்போது, எங்கே, எவ்வளவு என்ற கணக்கையே அதிகம் மாற்றியது என்பது என் வாசிப்பு.

எழுத்து மாறாமல் வேலை மாறுவதற்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. கொண்டை ஊசிக்கு இரண்டு கால்கள் என்றேனல்லவா? எந்தக் கால் பிழைக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறலாம். உடலின் முன்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகளின் நடுவே அமர்ந்திருக்கும் மிர்-10 மிகப் பழையது. பழ ஈயில் அதன் ஒரு கால் அதிகமாக எஞ்சுகிறது, மாவண்டில் மற்றக் கால். ஊசி ஒன்றே, ஆனால் விதை வேறு, எனவே இலக்குகளும் வேறு.

இலக்குகளைக் கணினியில் தேடுவதில் உள்ள பொறியைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை குறையாகும். நான்கு எழுத்துகளைக் கொண்டு ஏழெழுத்துச் சொற்கள் 16,384 ஆக்கலாம். ஈடிசில் ஏறத்தாழ 15,000 புரதப் பரம்பரையலகுகள் உண்டு. ஒவ்வொரு தூதின் வாலும் ஒரு பேச்சுக்கு 300 எழுத்து என்று வைத்தால் மொத்தம் 45 இலட்சம் எழுத்துகள். அதை 16,384 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 275. அதாவது, எந்த விதையை எடுத்தாலும், உறவே இல்லாமல், வெறும் தற்செயலால் மட்டும், 275 இடங்களில் அது பொருந்திவிடும். ஆகவே ஒரு மைக்ரோ ஆர்என்ஏக்கு இத்தனை இலக்குகள் என்று கணினி தரும் நீண்ட பட்டியல் சாட்சியம் அல்ல, சந்தேக நபர்களின் பெயர்ப்பட்டியல்தான். உறவினப் பூச்சிகளிலும் அதே வாலில் அதே இடத்தில் அந்தச் சொல் காக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் பட்டியல் சுருங்கும். அதற்குப் பிறகும் உயிருள்ள நுளம்பில் சோதிக்கத்தான் வேண்டும். மிர்-275இன் விளைவு தெரிந்ததற்கும் அதன் இலக்கு ஒன்று உறுதியானதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்தன.

நோயோடு இவற்றுக்குள்ள தொடர்புக்கு வந்தால், 2007இலேயே அனோபிலிஸ் கம்பியேயில் டைசர்-1ஐயும் ஆகோநோட்-1ஐயும் குறைத்தபோது மலேரியா ஒட்டுண்ணி நுளம்புக்குள் கூடுதலாகத் தொற்றியது கண்டறியப்பட்டது. அதாவது மைக்ரோ ஆர்என்ஏக்கள் நுளம்பின் பாதுகாப்பிலும் பங்கெடுக்கின்றன. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நகரக் கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகும் இந்த நுளம்பு, வயலையும் ஆற்றையும் நம்பிய பழைய நுளம்பைப் போன்றதல்ல.

நமக்கு அன்றாடத் தொல்லை ஈடிஸ்தான். 2017இல் நாடு முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. தெளிந்த நன்னீரில்தான் அது முட்டையிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடலோரக் குடியிருப்புகளில் தேங்கிய உவர்நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு அது வெறும் ஆய்வுச் செய்தி அல்ல.

ஈடிசுக்கு எதிராக இன்று பேசப்படும் வழிகளுள் ஒன்று வொல்பாக்கியா என்ற பற்றீரியா. பழ ஈயிலிருந்து எடுத்து ஈடிசுக்குள் புகுத்தப்பட்ட இந்தப் பற்றீரியா, டெங்கு வைரசு நுளம்புக்குள் பெருகுவதைக் குறைக்கிறது. 2020இல் நுகேகொடையிலும் கொழும்பின் சில பகுதிகளிலும் இத்தகைய நுளம்புகள் விடப்பட்டன. அது எப்படி நுளம்புக்குள் குடியேறுகிறது என்று தேடியவர்கள் 2011இலும் 2013இலும் மிர்-2940இல் வந்து நின்றனர். பற்றீரியா உள்ளே இருக்கும்போது நுளம்பின் இந்தச் சொந்த மைக்ரோ ஆர்என்ஏ கூடுகிறது. அது ஒரு புரதநொதியத்தைக் கூட்டிப் பற்றீரியாவின் குடியிருப்புக்கு உதவுகிறது, வைரசுக்குச் சாதகமான ஒரு மீதைல்மாற்றி நொதியத்தைக் குறைக்கிறது. கூட்டுவது மைக்ரோ ஆர்என்ஏயின் வழக்கமான வேலை அல்ல என்பதால் முதலாவது முடிவு பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. இந்த ஆய்வுகளில் பயன்பட்ட வொல்பாக்கியா, கள விடுவிப்பில் பரவலாகப் பயன்படும் வகையின் நெருங்கிய உறவு, அதுவே அல்ல என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எப்படியாயினும், பழ ஈயில் இல்லாத ஒரு நுளம்புக் கருவியை, பழ ஈயிலிருந்து வந்த பற்றீரியா பயன்படுத்திக்கொள்கிறது.

மாணவியின் கேள்விக்கு அடுத்த வகுப்பில் நான் சொன்ன விடை பாதி விடைதான். நுளம்புக்கே உரிய மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றைக் கொண்டு நுளம்பை மட்டும் தாக்குவது என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மிர்-1174 போன்றதைச் செயற்கையாக ஆக்கிக் கூடுதலாகக் கொடுப்பது. இது பார்ப்பதற்கு நுளம்புக்கே உரியதுபோல் தோன்றினாலும் பாதுகாப்பானது அல்ல. தேனீயின் கலத்துக்குள் போனால் அங்கும் அந்த விதை தற்செயலாக நூற்றுக்கணக்கான வால்களில் பொருந்தக்கூடும். மற்றையது, அதைக் கட்டிப்போடும் எதிரெழுத்து ஆர்என்ஏயைக் கொடுப்பது. தேனீயிடம் மிர்-1174 இல்லாததால், கட்டிப்போட அங்கே ஆளில்லை. எதிரெழுத்து நீளமாகப் பொருந்த வேண்டியிருப்பதால் தற்செயலுக்கும் இடம் குறைவு. சேர்ப்பதற்கும் தடுப்பதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைச் சொன்னபோது வகுப்பில் பின்வாங்கில் இருந்தவர்களும் நிமிர்ந்தனர்.

பிறகு கேள்வி, எப்படிக் கொடுப்பது என்பதற்குப் போனது. ஆய்வுக்கூடத்தில் நுளம்பு ஒவ்வொன்றுக்கும் ஊசி போடலாம், கிணற்றடியில் முடியாது. ஆர்என்ஏயை மதுவக் கலங்களுக்குள் ஆக்கி, அந்த மதுவத்தைக் குடம்பிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பரம்பரையலகுகளை அடக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் மிர்-1174இன் வேலை காட்டப்பட்டது வளர்ந்த பெண் நுளம்பின் குடலில், சிரட்டையிலுள்ள குடம்பியில் அல்ல. வளர்ந்த நுளம்பு, ஆணும் பெண்ணும், பூந்தேனும் சீனிநீரும் குடிக்கும். அப்படியானால் சீனிநீரில் கலந்து வைக்கலாமே என்றான் ஒருவன். சீனிக்குத் தேனீயும் வருமே என்றாள் முதலில் கேட்ட அதே மாணவி. சில நொடிகள் கழித்து அவளே சொன்னாள்: "வந்தாலும் பரவாயில்லைத்தானே சேர், அதுக்கிட்ட அது இல்லையே."